பட்டுப்போன டூ ஸ்ட்ரோக் மொபெட்டை எழுப்புவது எப்படி: டிவிஎஸ் 50, எக்ஸ்எல் சூப்பர் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

தேங்காய் மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் என்று எதை ஏற்றினாலும் முனகாமல் இழுத்த வண்டி இது. 1980-இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. அடுத்தடுத்து எக்ஸ்எல், எக்ஸ்எல் சூப்பர் என்று வளர்ந்தது. 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்த பிறகு பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பல மாட்டுக்கொட்டகையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் போய்ச் சேர்ந்தன. அப்படி ஒதுங்கிய வண்டியை, அல்லது தினமும் ஓடினாலும் இழுக்காமல் திணறும் வண்டியை, நீங்களே சரிசெய்யலாம்.

இந்த இஞ்சின்களைப் பற்றி ஊரில் அதிகம் காதில் விழும் தீர்ப்பு, "போர் போயிடுச்சு" என்பதுதான். போர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை, அது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் பிரித்துப் பார்த்த வண்டிகளில் பாதிக்கு மேல் போர் நன்றாகவே இருந்தது. அடைத்த சைலன்சர், உலர்ந்துபோன ஆயில் சீல், துளை அடைத்த டேங்க் மூடி என்று வேறு எங்கோ குறை இருந்தது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே பிடிவாதம்தான்: சோதித்துப் பார்க்காமல் எதையும் கழற்றாதீர்கள்.

முதலில் இஞ்சினைப் புரிந்துகொள்ளுங்கள்

எக்ஸ்எல் சூப்பரின் போர் விட்டம் 46 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 42 மில்லிமீட்டர், மொத்தம் 69.9 சிசி. வால்வு கிடையாது, கேம் கிடையாது, ஆயில் பம்ப் கிடையாது. பிஸ்டனே ஏறி இறங்கி, போரின் சுவரில் உள்ள ஜன்னல்களைத் திறந்து மூடுகிறது.

பிஸ்டன் மேலே போகும்போது அதன் தலைக்கு மேல் இருக்கும் கலவை அமுங்குகிறது. அதே நேரம் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சுழலும் அறையில், வெற்றிடம் உண்டாகி கார்புரேட்டரிலிருந்து புதுக் கலவையை உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது அந்தக் கலவை அமுக்கப்பட்டு, பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறுகிறது. ஆக, இந்த இஞ்சினுக்குக் கம்ப்ரஷன் இரண்டு: மேலே ஒன்று, கீழே ஒன்று. மேல் கம்ப்ரஷனை எல்லோரும் பார்ப்பார்கள். கீழே இருப்பதைப் பார்ப்பவர் குறைவு. கிராங்க் அறையில் ஊசிமுனை அளவு காற்றுக் கசிவு இருந்தாலும் இந்த இஞ்சின் சரியாக ஓடாது. அந்த அறையைக் காப்பவை கிராங்கின் இரு பக்கமும் உள்ள இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள்.

எழுத வேண்டிய இன்னொரு விஷயம், ஆயில். பெட்ரோலில் கலந்த ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வழுக்கல் கொடுக்கிறது, பிறகு எரிந்து வெளியே போகிறது. முழுதாக எரியாத மிச்சம் கரியாக சைலன்சரில் படிகிறது. பாதி நோய்க்கு வேர் இதுதான்.

படி 1: கிக்கரை உடனே மிதிக்காதீர்கள்

ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டி என்றால் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் டூடி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்கான 2T ஆயில்) விடுங்கள். மேக்னெட் மூடியைக் கழற்றி, மேக்னெட்டை (கிராங்கின் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) கையால் மெதுவாக இரண்டு பக்கமும் அசைத்துப் பாருங்கள். சுற்றினால் நல்லது. பத்து முறை சுற்றிவிட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள்.

சுற்றவில்லை என்றால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கு துருப்பிடித்து போரோடு ஒட்டியிருக்கிறது. துரு இளக்கும் ஆயிலையோ டீசலும் டூடி ஆயிலும் கலந்ததையோ விட்டு இரண்டு மூன்று நாள் பொறுங்கள், தினமும் ஒருமுறை அசைத்துப் பாருங்கள். கிக்கரின் மேல் ஏறி நின்று மிதித்தால் ரிங்கு உடைந்து போரைக் கிழிக்கும். கிக்கர் பல்லும் போகும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை முழுதாக இறக்குங்கள். இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நாளானால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கையும் கழுவ வேண்டும்.

படி 2: கரண்ட்

பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடல் ஹெட்டில் நன்றாகப் படும்படி வைத்து கிக்கரை அடியுங்கள். பிளக் ஓட்டைக்கு அருகில் வைக்க வேண்டாம், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். பொறி நீலமாக, "டப் டப்" என்று சத்தத்தோடு அடிக்க வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தால் போதாது. திறந்த காற்றில் வரும் பலவீனப் பொறி, கம்ப்ரஷனுக்குள் அணைந்துவிடும்.

பொறியே இல்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்: புது பிளக், பிறகு பிளக் கேப், பிறகு சாவி ஒயர். மேக்னெட் இக்னிஷனில் சாவியை அணைப்பது என்றால் கரண்டை பாடியில் எர்த் செய்து கொல்வதுதான். எலி கடித்த ஒயர் பாடியில் பட்டாலும் அதே விளைவு. அந்த ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு அடித்துப் பாருங்கள். பொறி வந்துவிட்டால் காயிலும் சிடிஐயும் (பொறிக்கான கரண்டைத் தரும் பாகங்கள்) நல்லவை, செலவு மிச்சம். பிளக் இல்லாமல் ஒயரைத் தொங்கவிட்டு அடிப்பது சிடிஐயைப் பழுதாக்கும், அதைச் செய்யாதீர்கள்.

சிடிஐக்குப் பதில் பழைய பாயிண்ட் (திறந்து மூடிப் பொறி தரும் தொடுமுனை) வைத்த வண்டி என்றால் பாயிண்ட் முகத்தைப் பொடி உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, சுத்தமான காகிதத்தால் துடையுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.4 மில்லிமீட்டர். பிளக்கின் இடைவெளி 0.6 முதல் 0.7.

பொறி நன்றாக இருக்கிறது, ஆனால் கிக்கர் திருப்பி அடிக்கிறது, சைலன்சரில் வெடிக்கிறது என்றால் மேக்னெட்டைக் கழற்றிப் பாருங்கள். கிராங்கில் அதை நிறுத்தும் சிறு சாவி வெட்டுப்பட்டு டைமிங் நகர்ந்திருக்கலாம். மேக்னெட்டுக்குப் புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்கே கோணலாகும்.

படி 3: ஒரு ஸ்பூன் பெட்ரோல் சொல்லும் உண்மை

பொறி சரி என்றானதும் இந்தச் சோதனை. ஆயில் கலந்த பெட்ரோல் அரை டீஸ்பூன் எடுத்து பிளக் ஓட்டையில் விட்டு, பிளக்கை மாட்டி உதையுங்கள். இஞ்சின் இரண்டு நொடி கத்திவிட்டு நின்றால் கரண்டும் கம்ப்ரஷனும் வேலை செய்கின்றன. குறை பெட்ரோல் வரும் வழியில்தான். படி 4-க்குப் போங்கள். ஒரு துடிப்பும் இல்லை என்றால் படி 5.

படி 4: பெட்ரோல் வழி

மேலிருந்து கீழே வாருங்கள். டேங்க் மூடியில் ஒரு சிறு காற்றுத் துளை உண்டு. அது அடைத்தால் வண்டி இரண்டு மூன்று கிலோமீட்டர் நன்றாக ஓடி நிற்கும், பத்து நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும். நிற்கும்போது மூடியைத் திறந்தால் "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். ஒரு குண்டூசியால் தீரும் குறை இது.

அடுத்து டேங்க் குழாயின் வலை, பிறகு ரப்பர் டியூப். பழைய டியூப் உள்ளே உப்பி, வெளியே நன்றாகத் தெரிந்தாலும் வழியை அடைக்கும். மீட்டர் கணக்கில் விற்கும் புது டியூபே போட்டுவிடுங்கள்.

கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். அடிக்கிண்ணத்தில் பச்சையாகவோ பழுப்பாகவோ பிசின் படிந்திருந்தால் ஜெட்டுகளும் (பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள பித்தளைத் திருகுகள்) அப்படித்தான் இருக்கும். மெயின் ஜெட், ஸ்லோ ஜெட் இரண்டையும் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்று அடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும்.

ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு வண்டிக்கு நான் இதைச் செய்தேன். பிரேக் கேபிளின் ஒற்றை இழையை மெயின் ஜெட்டுக்குள் விட்டுக் குடைந்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு துளை பெரிதானது. அந்த வண்டி இரண்டு மாதம் கரும்புகை கக்கியது, வாரத்துக்கு ஒரு பிளக் போனது. நான் காயில், சிடிஐ என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் புது ஜெட் போட்டேன். அன்றே சரியானது. பித்தளை மென்மையானது. ஊறவையுங்கள், ஊதுங்கள், அதற்கும் வரவில்லையா, புதிது வாங்குங்கள்.

மிதவை ஊசியைச் சோதிக்க, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து பெட்ரோல் வரும் வாயில் ஒரு டியூப் மாட்டி ஊதுங்கள். மிதவையின் எடையிலேயே ஊசி அடைத்து காற்று நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் ஓவர்ஃப்ளோ அங்கிருந்துதான்.

மாட்டியபின் காற்று ஸ்க்ரூவை மெதுவாக முழுதாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே விடுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகத் திருகப் பெட்ரோல் கூடும், இஞ்சின் பக்கம் இருந்தால் குறையும். இதைக் குழப்பிக்கொண்டு டியூனிங் செய்பவர்கள் பலர். கடைசியில், கார்புரேட்டர் இஞ்சினோடு சேரும் இடத்தின் பேக்கிங்கைப் புதிதாகப் போடுங்கள். இங்கே காற்று இழுத்தால் மேலே செய்த அத்தனையும் வீண்.

படி 5: மேல் கம்ப்ரஷன்

பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடி, இன்னொருவரைக் கிக்கர் அடிக்கச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ளிவிட்டு வெளியேற வேண்டும். அளவுக் கருவி இருந்தால், திராட்டிலை முழுதாகத் திறந்துவைத்து ஐந்தாறு முறை அடித்துப் படியுங்கள். நல்ல சிறு இஞ்சின் 110, 120 பிஎஸ்ஐ காட்டும். 90-க்குக் கீழே இறங்கினால் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும்.

குறைவாக இருந்தால் அரை டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு சட்டென்று ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறவில்லை என்றால் முதலில் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகப்படுங்கள். ஹெட் சேரும் கோட்டில் சோப்புத் தண்ணீர் தடவி உதைத்தால் நுரை காட்டிக்கொடுக்கும்.

படி 6: சைலன்சர்

வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் மேடு ஏறவில்லை, முப்பதைத் தாண்டவில்லை, சத்தம் அடங்கி "ம்ம்ம்" என்று கேட்கிறது. கம்ப்ரஷன் நன்றாக இருக்கும்போதே இப்படி என்றால் வேறெங்கும் போக வேண்டாம். சைலன்சரைத் தளர்த்தி, போரிலிருந்து ஒரு விரல்கடை விலக்கிவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். காது கிழியும், ஆனால் அரை நிமிடத்தில் விடை கிடைக்கும். இஞ்சின் திடீரென்று உயிரோடு சீறினால் அடைப்பு சைலன்சரில்தான்.

எங்கள் சித்தப்பாவின் எக்ஸ்எல்லுக்கு ஒரு பட்டறையில் ரீபோர் (போரைக் கடைந்து அகலமாக்குவது), புது பிஸ்டன் என்று செலவுக்கணக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்து சைலன்சரைக் கழற்றினோம். போரின் வெளியேற்று ஜன்னல், விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில் நுழையும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. சுற்றிலும் தோசைக்கல்லின் அடியில் படிவது போன்ற கெட்டிக் கரி. மரக்குச்சியால் நெம்பியதும் ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே போரின் சுவர் கண்ணாடிபோல் இருந்தது. அன்று மாலையே சித்தப்பா இரண்டு மூட்டைத் தீவனத்தோடு மேட்டுத் தெருவில் ஏறினார்.

கரி எடுக்கும் முறை: பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்தால் அதன் பக்கச்சுவர் ஜன்னலை மூடிக்கொள்ளும். இப்போது மூங்கில் குச்சியால் சுரண்டுங்கள், துகள் உள்ளே விழாது. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிஸ்டனில் கீறல் விழும். சைலன்சரின் உள்குழாய் தனியாக வருமானால் அதை விறகு நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தட்டினால் கரி உதிர்ந்துவிடும். தனியாக வராவிட்டால் ஒரு பக்கத்தை அடைத்து காஸ்டிக் சோடாக் கரைசல் ஊற்றி ஓர் இரவு வைத்து, நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். சோடாவைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. ஹெட், பிஸ்டன், கார்புரேட்டர் பக்கம் இதைக் கொண்டுபோகவே கூடாது. காஸ்டிக் சோடா அலுமினியத்தைக் கரைத்துவிடும்.

படி 7: கீழ்க் கம்ப்ரஷன், அதாவது ஆயில் சீல்கள்

கரண்ட் உண்டு, பெட்ரோல் உண்டு, கம்ப்ரஷன் உண்டு, சைலன்சர் சுத்தம். ஆனாலும் வண்டி சரியில்லை. பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள்.

மேக்னெட் பக்கச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும், கலவை மெலியும். ஆக்சிலேட்டரை விட்டாலும் இஞ்சின் வேகம் இறங்காமல் தானாகக் கத்தும். பிளக் வெள்ளையாக இருக்கும். சோக்கு போட்டால் மட்டும் ஒழுங்காக ஓடும். இந்த நிலையில் நெடுந்தூரம் ஓட்டினால் பிஸ்டன் சூடேறி போரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். மேக்னெட்டைக் கழற்றினால் காயில் தட்டில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும், அதுவே சாட்சி.

கிளட்ச் பக்கச் சீல் போனால் நேர்மாறு. கியர் ஆயிலை இஞ்சின் உறிஞ்சும். அடர்ந்த வெண்புகை விடாமல் வரும், பிளக் எண்ணெயில் குளிக்கும், கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும். "ரிங்கு போச்சு" என்று இதற்கும் போரைப் பிரிப்பார்கள்.

மேக்னெட் பக்கச் சீலை மாற்றுவது பெரும்பாலும் வெளியிலிருந்தே முடியும். பழைய சீலின் இரும்பு வளையத்தில் ஒரு சிறு ஸ்க்ரூவை ஏற்றி, குறடால் பிடித்து நேராக இழுங்கள். கிராங்க் தண்டில் கீறல் படக் கூடாது. புதுச் சீலின் ஸ்பிரிங் தெரியும் முகம் இஞ்சினுக்கு உள்பக்கம் பார்க்க வேண்டும். உதட்டில் டூடி ஆயில் தடவி, சீலின் அளவுக்குச் சரியான சாக்கெட்டை வைத்து சமமாகத் தட்டி ஏற்றுங்கள். கிளட்ச் பக்கத்துக்குக் கிளட்சை இறக்க வேண்டும். சில இஞ்சின்களில் கேஸையே பிரிக்க வேண்டிவரும். அந்த வேலைக்கு அனுபவம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சீல் மாற்றும் முன் மேக்னெட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கிறது. பேரிங்கை மாற்றாமல் போடும் சீல் ஒரு மாதம் தாங்காது.

படி 8: போரைத் திறக்கத்தான் வேண்டும் என்றால்

போரைத் தூக்கியதும் முதல் வேலை, கிராங்க் அறையின் வாயைச் சுத்தமான துணியால் அடைப்பது. பிஸ்டன் பின்னின் பூட்டு வளையம் அதற்குள் விழுந்தால் முழு இஞ்சினையும் பிரிக்க நேரும்.

ரிங்கை மட்டும் கழற்றி, போருக்குள் நேராக வைத்து, அதன் இரு முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடு) அளந்து பாருங்கள். புது ரிங்கு 0.15 முதல் 0.35 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 0.8-ஐத் தாண்டினால் மாற்றுங்கள். புது ரிங்கு போட்டும் இடைவெளி அதிகம் என்றால் தேய்ந்தது போர். அப்போதுதான் ரீபோர். 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று ஓவர்சைஸ் பிஸ்டன் உண்டு. பிஸ்டனை முதலில் வாங்கி லேத் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கே போர் போடச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் ஜன்னல்களின் விளிம்பை மழுக்கினார்களா என்று விரலால் தடவிப் பாருங்கள். கத்திபோல் விட்டால் ரிங்கின் முனை அதில் மாட்டி உடையும்.

மாட்டும்போது பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் வாய், பள்ளத்தில் உள்ள சிறு ஆணியின் மேல் உட்கார வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் ரிங்கு சுழலாமல் இருக்கத்தான் அந்த ஆணி. பூட்டு வளையங்கள் எப்போதும் புதியவையே. ஹெட் நட்டுகளைக் குறுக்கே குறுக்கே, மூன்று தவணையாக முறுக்குங்கள்.

படி 9: முதல் 500 கிலோமீட்டர்

இந்த வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி டூடி ஆயில் என்பது பழகிய அளவு. ஜேஏஎஸ்ஓ எஃப்சி அல்லது எஃப்டி என்ற தரக்குறி டப்பாவில் போட்ட ஆயிலாக வாங்கினால் புகையும் கரியும் குறையும். கார் இஞ்சின் ஆயில் வேண்டாம், அது எரிந்து சாம்பலாகும். "ஆயில் கூடினால் நல்லதுதானே" என்று கண்ணளவில் ஊற்றுவது கூடாது. ஆயில் கூடினால் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை மெலியும், கரியும் சேரும். புதுப் போருக்கு மட்டும் முதல் இரண்டு டேங்கில் 30 மில்லி ஊற்றலாம். தனிக் கேனில் குலுக்கிக் கலந்துவிட்டே டேங்கில் ஊற்றுங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் பிடிக்காமல் ஓட்டுங்கள். இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுதாக மூடிக்கொண்டு இறங்காதீர்கள். பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றுவிடும். இடையிடையே லேசாகத் திறந்துவிடுங்கள். முதல் ஐம்பது கிலோமீட்டர் முடிந்து இஞ்சின் முழுதாக ஆறியதும் ஹெட் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

பிறகு ஒருநாள் நல்ல ஓட்டத்தில் இருக்கும்போதே சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, சூடு தணிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நடுப்பீங்கான் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் கார்புரேட்டரைத் தொட வேண்டாம். கறுத்து ஈரமாக இருந்தால், ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் கார்புரேட்டர் ஊசியின் (மிதவை ஊசி அல்ல) கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றுங்கள், ஊசி இறங்கிப் பெட்ரோல் குறையும். வெளுத்திருந்தால் கிளிப்பை மாற்றும் முன் படி 7-ஐ மறுபடி ஒருமுறை பாருங்கள்.